கால் இருக்கு, ஸ்கோர் ஷீட்ல இடம் இல்ல

ஸ்கவுட்னு சொன்னாலே எனக்கு ஸ்கூல்ல காக்கி டவுசரும் கழுத்துல ஸ்கார்ஃபுமா நின்ன பசங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க. அமெரிக்க பேஸ்பால்ல ஸ்கவுட்னா வேற ஆளு. மைனர் லீக்னு சொல்ற கீழ்மட்ட ஆட்டங்கள்ல ஸ்டாப்வாட்ச்சோட உட்கார்ந்திருப்பார். பையன் பந்தை அடிச்சதும் பட்டனை அமுக்குவார், 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட்டதும் நிறுத்துவார். வலதுகை ஆட்டக்காரன் 4.3 செகண்ட் எடுத்தா சராசரி, அதுக்கு 50 மார்க். 4 செகண்ட்னா 80, அதுதான் உச்சம். எவ்வளவு சொதப்பினாலும் 20-க்குக் கீழ போடமாட்டாங்க (நம்ம கணக்கு வாத்தியார்கள் கவனிக்க :-)). ஓட்டத்துக்கு, ஃபீல்டிங்குக்கு, எறியற கைக்குன்னு தனித்தனியா மார்க் உண்டு.

இதை ஏன் எழுதறேன்னா, எங்க கைலாசபுரம் பெல் டவுன்ஷிப் மைதானத்துல ஒரு பையனைப் பார்க்கறேன். லாங் ஆன்ல நின்னா மிட்விக்கெட் பக்கம் போற பவுண்டரியையும் சேர்த்து மறிக்கிறான். ஒரு ஆட்டத்துக்குப் பதினைஞ்சு ரன்னாவது மிச்சம் பிடிப்பான். ஸ்கோர் புக்ல அதுக்கு ஒரு கட்டம் கூடக் கிடையாது. ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். நெட்ல ஆறு பந்து அடிக்கச் சொன்னாங்க, ரெண்டு மிஸ் ஆச்சு, அவ்வளவுதான், போயிட்டு வா தம்பி. ஓடச் சொல்லிப் பார்க்கவே இல்ல.

அமெரிக்காவுல பில்லி ஹாமில்டன்னு ஒருத்தர். 2012-ல மைனர் லீக்ல 155 பேஸ் திருடினார். எதிராளி பந்து வீசற இடைவெளியில அடுத்த பேஸுக்கு ஓடிடறதுதான் இந்தத் திருட்டு. அதுக்கு முன்னாடி இருந்த சாதனை, 1983-ல வின்ஸ் கோல்மேன் எடுத்த 145. ஷார்ட்ஸ்டாப்பா ஆடிட்டிருந்த ஹாமில்டனை, இந்தக் காலுக்குப் பெரிய இடம் வேணும்னு அந்த வருஷக் கடைசியில நடு அவுட்ஃபீல்டுக்கு மாத்தினாங்க. சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு 2014-லேர்ந்து 2017 வரை வருஷா வருஷம் 56, 57, 58, 59 பேஸ். மட்டை மட்டும் கடைசிவரை சுமார்தான்.

வெறும் கால் போதுமான்னு கேட்பீங்க. போதாது. 1974-ல ஓக்லாண்ட் அணி ஹெர்ப் வாஷிங்டன்னு ஒரு ஸ்ப்ரின்டரை ஓடறதுக்குன்னே வச்சுகிட்டாங்க. 105 ஆட்டம், ஒரு தடவை கூட மட்டையைப் பிடிக்கல. 31 பேஸ் திருடினார், ஆனா 17 தடவை திருடப் போய் மாட்டினார். எப்ப ஓடணும்னு தெரியாத வேகம் அது. எங்க பையன் அப்படி இல்லீங்க. மட்டையில பந்து படறதுக்குள்ள ரெண்டு எட்டு எடுத்து வச்சிருப்பான்!

கிரிக்கெட்லயும் இது புதுசில்ல. 2005 ஆஷஸ், ட்ரென்ட் பிரிட்ஜ். பாண்டிங்கை ரன் அவுட் ஆக்கினது கேரி பிராட், அணியிலேயே இல்லாத மாற்று ஃபீல்டர். ஊரே கொண்டாடிச்சு. 2006 முடிவுல அவரோட டர்ஹாம் கவுண்டி அவரை விட்டுடுச்சு.

மட்டை அடிக்கத் தெரியாதவனை டீம்ல எடுங்கன்னு நான் சொல்லல. முகாம்ல ஒரு அரைமணி நேரம் ஃபீல்டிங்குக்கு ஒதுக்கி, ஓட்டத்துக்கும் எறிக்கும் தனி மார்க் போடுங்க. மட்டையை அப்புறம் சொல்லிக் கொடுக்கலாம். ஸ்டாப்வாட்ச் எல்லார் செல்போன்லயும் இருக்கு. உங்க ஊர்ல அப்படி ஏதாவது முகாம் நடந்தா சொல்லுங்க மக்களே, பையனை பஸ் ஏத்தி விடறேன்.