21 கியர் இருக்கட்டும், பின் ஹப் என்ன ஹப்?

டிஸ்கி: சைக்கிள் ஓட்டாதவர்களும் படிக்கலாம். உங்கள் பையனோ பெண்ணோ "அப்பா, கியர் சைக்கிள்" என்று வந்து நிற்கிற நாள் தூரத்தில் இல்லை.

ஊரை விட்டு வந்து பொட்டி தட்டுகிற நம்ம ஆட்களுக்கு நாற்பது வயது நெருங்கும்போது ஒரு ஞானோதயம் வரும். டாக்டர் கொலஸ்ட்ரால் என்பார், தங்கமணி தொப்பை என்பார். உடனே ஒரு சைக்கிள். இங்கே கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் காபிக்கு நடுவில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. எத்தனை கியர்? ஃபிரேம் அலாயா கார்பனா? எத்தனை கிலோ? டிஸ்க் பிரேக் உண்டா? இத்தனையும் கேட்பார்கள். பின் சக்கரத்தில் என்ன ஹப் போட்டிருக்கிறான் என்று ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விற்பவனுக்கும் அது வசதி. கியர் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போடுவான். ஹப் என்ற இடத்தில் "அலாய், க்விக் ரிலீஸ்" என்று ரெண்டு வார்த்தை. சாப்பாட்டுக் கடையில் "என்ன குழம்பு?" என்று கேட்டால் "சூடான குழம்பு" என்று சொல்கிற மாதிரி. முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்குகிறவன் இதைச் சொல்லாமல் மறைப்பது அநியாயம். கேட்காமல் வாங்கும் நாமும் அதற்கு உடந்தை.

ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளை. உள்ளே ஆக்சில், இரண்டு பக்கமும் கப், கோன், நடுவில் பால்ரஸ் குண்டுகள். ஊரில் சைக்கிளை ஓவராயில் பண்ணக் கொடுத்தால் தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் குண்டு குண்டாகக் கழுவிப் போடுவாரே, அந்தச் சமாச்சாரம்தான். முன் ஹப் சும்மா உருண்டால் போதும். பின் ஹப் அப்படியில்லை. ஓட்டுகிறவர் எடையில் பாதிக்கு மேல் அதன் தலையில். மிதிக்கிற மிதி முழுக்க செயின் வழியாக அதன் வலப்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் தனியாக ஓடவும் விட வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றில் பல்சக்கரங்களையெல்லாம் ஒரே பிரீவீலில் கோத்து, அதை ஹப்பின் மரையில் திருகியிருப்பார்கள். ஏழு பல்சக்கரம் என்றால் அந்தப் பிரீவீல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம். அத்தனையும் பேரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கத்துப் பேரிங் அவ்வளவு தூரம் உள்ளே தள்ளிப்போக, பேரிங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஆக்சிலைத் தாங்க எதுவும் இல்லை. பத்து மில்லிமீட்டர் கனமுள்ள ஆக்சில். க்விக் ரிலீஸ் வேண்டும் என்றால் அதற்கும் நடுவில் துளை. சுவரிலிருந்து நீட்டிய சன்ஷேடின் நுனியில் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்த கதை. குழியில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஆக்சில் கொஞ்சம் வளைந்து நிமிரும். ஒருநாள் நிமிராது.

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு நண்பர், 85 கிலோ. தினமும் ஆபீசுக்குச் சைக்கிளில் போய்வருவார். "சக்கரம் லேசா ஆடுதுங்க" என்று கொண்டுவந்து காட்டினார். பின் சக்கரத்தைக் கழற்றினால் ஆக்சில் இரண்டு துண்டு! நடுவில் ஓடும் க்விக் ரிலீஸ் கம்பி இழுத்துப் பிடித்திருந்ததால் உடைந்தது தெரியாமலே ஓட்டியிருக்கிறார். வாங்கி எட்டு மாதம். கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம். அந்த விலையில் பல கம்பெனிகளும் அதைத்தான் மாட்டுகிறார்கள்.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிரீவீலை ஹப்போடு ஒன்றாக்கி, வலப்பக்கத்துப் பேரிங்கை ஃபிரேமின் ஓரத்துக்கே கொண்டுபோய்விடும் யோசனை பிரிட்டனில் 1930களிலேயே வந்தது. ஜப்பானின் ஷிமானோ 1978இல் அதைச் செம்மையாகச் செய்து ஃப்ரீஹப் என்று விற்றது. பல்சக்கரங்கள் கேசட்டாக அதன்மேல் செருகி உட்காரும். 1921இல் சாகாய் நகரில் தொடங்கிய அந்தக் கம்பெனி முதலில் செய்து விற்ற பொருளே பிரீவீல்தான். அவர்கள் இன்றும் மலிவு சைக்கிள்களுக்குப் பிரீவீல் செய்து கொடுக்கிறார்கள். பந்தய சைக்கிளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. ஏன் என்று யோசியுங்கள்.

"பால்காரர் சைக்கிளிலும் பிரீவீல்தானே சார், அவருக்கு ஆக்சில் உடைகிறதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்த ஊரில் காலையில் ஆறு மணிக்கு வெளியே வந்தால் தெரியும். இரண்டு பக்கமும் கோழிகளைக் கொத்துக் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஒருவர் போவார். அடுத்தவர் கேஸ் சிலிண்டரோடு. யாரும் பின் சக்கரம் உடைந்து நடுரோட்டில் நிற்பதில்லை. காரணம், அதில் ஒரே ஒரு பல்சக்கரம். பிரீவீல் ஒல்லி, பேரிங் ஃபிரேமை ஒட்டியே இருக்கிறது. ஆக்சில் துளையில்லாத கெட்டி இரும்பு. பழைய கறுப்பு சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. எடை எங்கே விழும் என்று தெரிந்தவன் வைத்த கணக்கு அது. ஹப் நடுவில் எண்ணெய் விட ஒரு துளை, அதை மூட ஒரு வளைந்த தகடு. நம்ம ஊரில் அதே ஹப்பில் கலர் கலராகக் குஞ்சம் கட்டி விட்டிருப்போம், சுற்றும்போது தானாகத் துடைத்துக்கொள்ளட்டும் என்று :-)

அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் நம் அப்பாக்களைச் சுமந்தது. இங்கே ஆசன்சாலில் சென்-ராலே தொழிற்சாலை வங்காளிகளைச் சுமந்த சைக்கிளைச் செய்தது. 1980இல் அரசு அதை எடுத்துக்கொண்டது, பிறகு மூடியும் போனது. அந்தச் சைக்கிள்கள் வேகமானவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தெருமுனை மிஸ்திரி இரண்டு ஸ்பானரை வைத்துக்கொண்டு அவற்றின் ஹப்பைத் திறந்து, கழுவி, மூடிக் கொடுத்தார். நாற்பது வருஷம் ஓடியது அதனால்தான். என் கட்சி இதுதான்: உழைக்கிற ஹப் என்றால் திறக்க முடிகிற ஹப். நீங்கள் இருக்கிற ஊரில், உங்களுக்குக் கிடைக்கிற ஆளால் திறக்க முடிய வேண்டும்.

அதை இந்த ஊரில் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதலில் போலீஸ். கொல்கத்தா போலீஸ் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியபிறகு 62 ஆகக் குறைத்தார்கள். இதே மாநில அரசுதான் 2015 முதல் 'சபுஜ் சாத்தி' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிளும் கொடுக்கிறது! சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும் பென்டிங்க் தெருவுக்குப் பக்கத்திலேயே லால்பஜார் போலீஸ் தலைமையகம். இந்தப் பக்கம் வாங்கிக்கொள், அந்தப் பக்கம் ஓட்டாதே. நல்ல தார் போட்ட பெரிய சாலையை மூடினால் சைக்கிள்காரன் சந்து வழியாகத்தான் போவான். சந்தில் என்ன இருக்கும்? குழி இருக்கும்.

அடுத்தது டிராம். 2024இல் எஸ்பிளனேட்-மைதான் வழியைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. வண்டி ஓடாவிட்டாலும் பல தெருக்களில் தண்டவாளம் அப்படியே கிடக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் அடி வாங்குவது பின் சக்கரம். முன் சக்கரத்தையாவது ஹேண்டில்பாரைத் தூக்கிக் காப்பாற்றிவிடுவோம்.

கடைசியாக, இதுதான் பெரிய எதிரி: தண்ணீர். 2025 செப்டம்பர் 23ஆம் தேதி விடிவதற்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அது அபூர்வம்தான். ஆனால் சாதாரண ஜூலை மழைக்கே காலேஜ் ஸ்ட்ரீட், தன்தனியா பக்கம் முழங்கால் தண்ணீர். முழங்கால் என்றால் ஹப் முங்குகிற ஆழம். அதுவும் கங்கை வண்டல். மாவு மாதிரி நைஸான மண். உள்ளே போனால் கிரீஸோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் விழுதாகிவிடும். அம்மியில் அரைக்கிற மாதிரி கோனையும் குண்டையும் அரைத்துத் தள்ளும்.

"அதுக்குத்தான் சீல்டு பேரிங் இருக்கே, கவலையே இல்லை" என்று ஒரு ஜல்லி அடிப்பார்கள். சீல்டு என்றால் தண்ணீரே போகாது என்று அர்த்தமில்லை. மெல்லிய ரப்பர் வளையம், அவ்வளவுதான். தூசியை நிறுத்தும், முங்கினால் நிறுத்தாது. கெட்டுப்போனால் கழுவிப் போடவும் முடியாது. தட்டி எடுத்துவிட்டுப் புதுசு அடிக்க வேண்டும். அதற்கு அளவுக்கேற்ற கருவி வேண்டும். சுத்தியலால் அடித்தால் புதுப் பேரிங் அன்றைக்கே பாதி செத்துவிடும். எனக்குச் சீல்டு பேரிங் மேல் பகை கிடையாது. 6001, 6902 மாதிரி எங்கும் விற்கிற நம்பராக இருந்து, அடித்துக் கொடுக்கத் தெரிந்த கடையும் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அந்தக் கம்பெனி மட்டுமே செய்கிற விசித்திர அளவென்றால் தொடாதீர்கள். ஷிமானோ தன் உச்சகட்ட டுரா-ஏஸ் ஹப்பிலேயே நெடுங்காலம் கப்-கோன்தான் வைத்தது. கப்-கோன் பழைய பஞ்சாங்கம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

சரி, என்னதான் வாங்குவது? ஆளுக்கு ஆள் மாறும் என்று மழுப்பாமல் சொல்கிறேன்.

1. ஞாயிற்றுக்கிழமை டயமண்ட் ஹார்பர், கோலாகாட் என்று அழுத்தி ஓட்டுகிறவர், தினம் ஆபீஸ் போகிறவர்: ஃப்ரீஹப் கட்டாயம். கப்-கோன் பேரிங். கேசட் உட்காரும் பகுதி இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் சில கிராம் மிச்சம், ஆனால் பல்சக்கரங்கள் அதைக் கடித்துக் கடித்துப் பள்ளம் போட்டுவிடும்.

2. 32 கம்பி. 85 கிலோவுக்கு மேல் என்றால் 36. பின் சக்கரத்தில் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று அதிக இழுப்பைத் தாங்குகின்றன. 20, 24 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தாலே ரிம் கோணிக்கொண்டு பிரேக்கில் உரசும். வழுவழு சாலை உள்ள சிங்கப்பூர்க்காரர்கள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.

3. கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி. பின் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். சின்னப் பல்சக்கரத்துக்கு உள்ளே, கருவி மாட்டுகிற வெட்டுகள் தெரியும். அவையும் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அவை அசையாமல் பல் மட்டும் சுற்றினால் பிரீவீல். விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி, இது பொய் சொல்லாது.

4. ஏற்கெனவே ஏழு கியர் பிரீவீல் சைக்கிள் வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். பின் ஃபிரேம் இடைவெளியை (130, 135 மி.மீ. என்று வரும்) அளந்து, உங்கள் ரிம்மின் துளை எண்ணிக்கைக்கு ஏற்ற ஃப்ரீஹப் வாங்கிச் சக்கரம் கட்டச் சொல்லுங்கள். எட்டு வேக ஃப்ரீஹப்பில் 4.5 மி.மீ. வளையம் ஒன்று போட்டால் ஏழு வேகக் கேசட் உட்காரும். உங்கள் கியர் மாற்றிகள் அப்படியே வேலை செய்யும். கம்பி மட்டும் அளவு மாறலாம்.

பராமரிப்பு? வருஷத்துக்கு இரண்டு ஓவராயில். ஜூன் மழைக்கு முன்னால் ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று. நாம் ஆயுத பூஜையில் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், இவர்கள் செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜையில் மாலை போடுகிறார்கள். உள்ளே சகதியை வைத்துவிட்டு வெளியே பொட்டு வைத்து என்ன பலன்? முங்கிய தண்ணீரில் ஓட்டிவிட்டால் பூஜைக்குக் காத்திராமல் அந்த வாரமே திறந்துவிடுங்கள். பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டுகள், எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் விடும் நம்ம ஊர்ப் பழக்கம் வேண்டாம். கிரீஸ்தான்.

"ஒரு ஹப்புக்கு இவ்வளவு அலட்டலா? போனால் ஒரு ஆக்சில்தானே" என்று கடைசியாக ஒரு வாதம் வரும். ஆக்சில் போனால் பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிரீவீலோ ஃப்ரீஹப்போ, உள்ளே டிக் டிக் என்று சத்தம் போடும் சின்னக் கொக்கிகள் சகதியில் ஒட்டிக்கொண்டால் மிதி பிடிக்காமல் நழுவும். சிக்னல் விழுந்ததும் எழுந்து நின்று மிதிக்கிறான் உங்கள் பையன். காலுக்குக் கீழே பெடல் சட்டென்று வெற்றாகச் சுற்றுகிறது. முன்னால் டிராம் தண்டவாளம், பின்னால் மினிபஸ். இந்த ஊர் மினிபஸ் எப்படி வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிற அப்பாக்கள் ஹப்பைத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கட்டும்.

கோழி தொங்கவிட்டுப் போகிறவருக்குச் சைக்கிள் நின்றால் அன்றைக்குச் சோறு கிடையாது. அதனால் அவர் கியரை எண்ணுவதில்லை, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் காதை வைத்துக் கேட்கிறார். நமக்குச் சைக்கிள் நின்றால் ஓலா, ஊபர் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் குப்பை ஹப்பை நம் தலையில் கட்டுகிறார்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் கியர் எத்தனை என்று கேட்காதீர்கள். "தாதா, பின்னாடி ஹப் என்ன? திறந்து காட்டு" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவனே சொல்வான்.

பி.கு.: எடையைக் குறைக்க இலேசான ஹப் தேடும் அன்பர்களுக்கு: மிச்சமாகப் போவது நூறு, இருநூறு கிராம். நேற்று சாப்பிட்ட ரசகுல்லாவைத் தவிர்த்திருந்தாலே கணக்கு சரியாகியிருக்கும் :-)