மாரியில் உப்பு ஏன் கசிகிறது?

மாரி தொடங்கியதும் எம் அடுக்களைகளில் உப்புச் சாடி நீர்விட்டு நிற்பதைக் காண்கிறோம். உப்பின் இயல்பே அதுவென்று பலர் கருதுவர். மிகுந்த ஈரக்காற்றில் தூய உப்பும் நீரை ஏற்கும் என்பது உண்மையே. ஆயினும், அதனோடு ஒட்டிவந்த மகனீசியம் குளோரைட்டே பெருங் குற்றவாளி. அஃது எவ்வாறு எம் சாடிக்குள் வந்தது என்பதை அறிய, ஆனையிறவு உப்பளத்தை மனக்கண்ணாற் காண்போம்.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. நாம் உண்ணும் சோடியம் குளோரைட்டு அவற்றுள் 27 கிராம் அளவினது. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புக்கள். கடல்நீரை முற்றாக வற்றச் செய்தால் இவையனைத்தும் கலந்த கைப்புப் பொருளே மிஞ்சும்.

எனவே உப்பளத்தில் நீரை முற்றாக வற்றவிடுவதில்லை. வெயிலும் சோளகக் காற்றும் நீரை வற்றச்செய்ய, அது பாத்திக்குப் பாத்தி மாறிச் செறிவடைகிறது. நீர் பாதியாகக் குறையும்போது கல்சியம் காபனேற்றுப் படிகிறது. ஐந்திலொன்றாகும்போது ஜிப்சம் படிகிறது. இவற்றை விட்டுப் பிரிந்த நீரே உப்பு விளையும் பாத்திக்குச் செல்லும். பத்திலொன்றாகக் குறைந்து, நீரமானியில் ஏறத்தாழ 25 போமே பாகையைக் காட்டும்போது சோடியம் குளோரைட்டு பளிங்குகளாகப் படியத் தொடங்குகிறது.

தொழிலின் நுட்பம் இனித்தான் உள்ளது. செறிவு 29 அல்லது 30 பாகையை அடையுமுன் எஞ்சிய கைப்புநீரை வெளியேற்றிவிடல் வேண்டும். மேலும் வற்றவிட்டால் நிறை கூடும், தரமோ குன்றும். மகனீசிய உப்புக்களும் உடன் படிந்துவிடும். பளிங்குகளில் ஒட்டிய கைப்புநீரை அகற்ற, உப்பை நிரம்பிய உப்புக் கரைசலினாற் கழுவுவர். அக்கரைசல் மேலும் உப்பைக் கரைக்காது; மகனீசியம் குளோரைட்டையோ கரைத்துச் செல்லும். இழப்பின்றித் தூய்மை கிடைக்கிறது.

ஆனையிறவு உப்பளம் 1938 இல் தொடங்கப்பெற்றது. அயலிலுள்ள பரந்தனில் 1950களில் நிறுவப்பட்ட இரசாயனத் தொழிற்சாலையில், உப்புக் கரைசலினூடாக மின்னைச் செலுத்தி எரிசோடாவும் குளோரீனும் பெற்றனர். கடல்நீர் இவ்வாறு சவர்க்காரத்திற்கும் குடிநீர்த் தூய்மைக்கும் வேண்டிய மூலப்பொருளாயிற்று. போர் இரண்டையும் நிறுத்தியது. பரந்தன் ஆலை 1985 இலும், உப்பளம் 1990 இலும் ஓய்ந்தன. உப்பளம் மட்டும் பின்னர் உயிர்பெற்றது. 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலையொன்றுந் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், மழையால் விளைச்சல் குன்றியமையால், நாற்புறமுங் கடல் சூழ்ந்த இந்நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கடல் இருந்தாற் போதாது. வெயிலும் வேண்டும், வெயிற்காலத்து விளைவைச் சேமிக்கும் முன்யோசனையும் வேண்டும் என்பதை அது உணர்த்திற்று.

கடலுப்பில் அயடீன் இயல்பாகவே போதியளவு உண்டு என எண்ணுதல் தவறு. கடல்நீரில் அது மிகச் சிறிதே. ஆதலால், கழுத்துக் கழலையைத் தடுக்கும் பொருட்டுப் பொற்றாசியம் அயடேற்றைச் சேர்க்கின்றனர். ஈரம் அயடீனைக் குறைக்கும். ஆகவே உப்புச் சாடியை இறுக மூடி, அடுப்பின் ஆவி படாத இடத்தில் வைத்தல் நன்று.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கழுவாத கல்லுப்பையும் மேசை உப்பையும் சம அளவில் இரு தட்டுகளில் இட்டு, ஒரு மழைநாள் இரவு திறந்து வையுங்கள். எது முதலில் நீர்விடுகிறது என்பதைக் காலையில் நோக்கினால், பாத்தியில் நடந்த கதை விளங்கும்.