எக்ஸ்போர்ட்ஸ் கோப்பை யார் எழுதுவது?

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்குதான் இயங்குகிறது. அதன் 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் 1990-களிலிருந்து மேலடுக்குக் காற்றை அளந்து வருகிறது. இத்தகைய தரவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆய்வுக்கூடச் சோதனை தவறினால் மறுநாள் மீண்டும் செய்யலாம். கடந்துபோன நாளின் காற்றை மறுபடி அளக்க இயலாது.

அளப்பதில் காட்டும் கவனத்தை அளந்ததைப் பகிர்வதில் நம் ஆய்வுலகம் காட்டுவதில்லை. பல ஆய்வகங்களில் தரவு ஒரு லினக்ஸ் வழங்கியில் இருக்கும். பிற கணினிகள் அதை என்.எஃப்.எஸ். வழியாக அணுகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய இம்முறையில், எந்தக் கோப்புறையை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பதை எக்ஸ்போர்ட்ஸ் என்னும் சிறு கோப்பே முடிவு செய்கிறது. அதை எழுதும் பொறுப்போ, லினக்ஸ் சற்றே அறிந்த இளைய மாணவர் எவரேனும் ஒருவர் தலையில் விழுகிறது.

அக்கோப்பில் ஓர் இடைவெளிகூடப் பொருளை மாற்றிவிடும். கணினியின் பெயரையடுத்து, இடைவெளியின்றி, அடைப்புக்குறிக்குள் எழுதும் உரிமையைக் குறித்தால் அக்கணினிக்கு மட்டுமே அவ்வுரிமை கிட்டும். இடையில் ஓர் இடைவெளி விழுந்தால், பெயர் குறித்த கணினிக்குப் படிக்கும் உரிமை மட்டும் எஞ்சும். எழுதும் உரிமை வலையமைப்பிலுள்ள அனைவருக்கும் போய்விடும். திரையில் எச்சரிக்கை தோன்றலாம், பகிர்வு நிற்காது.

'உள்வலையமைப்புதானே, அஞ்சுவதற்கு என்ன?' என்பர் சிலர். வழக்கமான அமைப்பில் என்.எஃப்.எஸ். கடவுச்சொல் கேட்பதில்லை, எதிர்க்கணினி சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்புகிறது. தன் மடிக்கணினியில் ரூட் அதிகாரம் உள்ள எவரும் பிறர் எண்ணை அணிந்துகொள்ளலாம். ரூட் ஸ்குவாஷ் என்னும் இயல்பான காப்பு, ரூட் பயனரை அதிகாரமற்றவராக்குமேயன்றி இந்த வேடத்தைத் தடுக்காது. அந்தக் காப்பையும் அனுமதிச் சிக்கல் தீர்ந்தால் போதுமென்று நீக்கிவிடுவது, வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு ஊருக்குப் போவதை ஒக்கும். அடையாளத்தை மெய்யாகச் சோதிக்க வேண்டுமெனில் கெர்பரோஸ் தேவை.

வேகத்திற்காக அசிங்க் விருப்பத்தைச் சேர்ப்பதும் இத்தகையதே. வட்டில் பதியும் முன்பே 'பதிந்தாயிற்று' என்று வழங்கி சொல்லிவிடும். அந்நேரம் மின்சாரம் நின்றால் தரவு போகும்.

ஆகவே மூலத்தரவுக் கோப்புறை படிக்க மட்டுமே பகிரப்பட வேண்டும். கணக்கீட்டுக்கு வேறு கோப்புறை இருக்கட்டும். நட்சத்திரக் குறிக்கு மாற்றாகக் கணினிகளைப் பெயர் சொல்லியே அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையால் நடப்பிலுள்ள பகிர்வுகளை இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும்.

கட்டளையை மாணவர் தட்டச்சு செய்யலாம். ஆனால் யாரை நம்புவது என்பது தொழில்நுட்ப வினா அன்று. தரவுக்குப் பொறுப்பேற்ற பேராசிரியர் விடைசொல்ல வேண்டிய வினா. ஆய்வேட்டில் கையொப்பமிடும் கை, அந்த ஒரு வரியையும் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.