எவருடைய கலைக்கூடம்?

சைனாடவுனின் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில், மாரியம்மன் கோயிலின் கோபுரம் வானளாவி நிற்கிறது. 1827-ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை நிறுவிய கோயில் அது. அதன் ஒரு மருங்கிலுள்ள பகோடா தெருவும், மறு மருங்கிலுள்ள டெம்பிள் தெருவும் தம் பெயரை அக்கோயிலிடமிருந்தே பெற்றன. சீனர் வாழ்ந்த தெருக்களுக்குத் தமிழர் எழுப்பிய கோயில் பெயர் தந்தது! அதே சாலையில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். சற்று அப்பால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. இந்நகரில் தமிழர் வைத்த முதற் கலைக்கண்காட்சி இவையே என்பேன். நுழைவுச் சீட்டு இல்லை. சாதி, சமயம், மொழி என்னும் வேறுபாடு இல்லை. தெருவில் நடந்தோர் அனைவரும் தலைநிமிர்ந்து கண்டனர்.

அதே சாலையில் வடக்கு நோக்கி நடந்து, எல்ஜின் பாலத்தைக் கடந்து, சிறிது தொலைவு சென்றால் மற்றொரு கண்காட்சி இருக்கிறது. பழைய உச்சநீதிமன்றத்தையும் நகரமன்றத்தையும் ஒன்றாக்கி, 2015 நவம்பர் 24-ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியக் கலைக்கூடம் அது. சிங்கப்பூர்க் கலைக்கு ஒரு பகுதி, தென்கிழக்காசியக் கலைக்கு ஒரு பகுதி என இரு பெரும் நிலைக்காட்சிகளைக் கொண்டது. கோயிலுக்குச் செல்லும் நம் கால்கள் இக்கூடத்திற்குச் செல்ல மறுப்பது ஏன்? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்: தமிழாசிரியராகிய நாம் நம் மாணவரை அங்கே எத்தனை முறை அழைத்துச் சென்றோம்?

இவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் மூன்று விடைகள் எனக்குக் கிடைக்கின்றன. மூன்றும் சாக்குப்போக்குகளே.

“அது பிறருடைய கலை, நமக்குத்தான் லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறதே” என்பது முதல் விடை. 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட அந்நிலையம் நாம் போற்றத்தக்கது; ஐயமில்லை. ஆயினும் நேற்றைய பெருமைக்கு ஓர் இல்லம் கிடைத்துவிட்டதென்று இன்றைய வாழ்வைப் பிறரிடம் விட்டுவிடுவதா? இராசேந்திரன் கடாரம் கொண்டான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த வட்டாரம் நமக்குச் சொந்தம். இன்று அவ்வட்டாரத்து மனிதன் தீட்டிய ஓவியம் மட்டும் அயலானதோ? வென்றதைப் பாடத் தெரிந்த நமக்கு உடன் வாழ்பவனைப் பார்க்கத் தெரியவில்லை.

வட்டாரக் கலை என்பது பிறப்பால் வருவதன்று, பார்வையால் வருவது. லியூ காங், சென் சோங் சுவீ, சியோங் சூ பியெங், சென் வென் ஷி ஆகிய நால்வரும் சீனத்தில் பிறந்தவர்கள். 1952-இல் அவர்கள் பாலித்தீவுக்குச் சென்றனர். அங்குள்ள மக்களையும் உழைப்பையும் உடையையும் ஒளியையும் கண்டு தீட்டினர். மறு ஆண்டு சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தனர். இந்நிலத்தை உற்றுப் பார்த்ததனாலேயே அவர்கள் இந்நிலத்தின் ஓவியராயினர். நம்மைத் தடுப்பவர் யார்?

தடுப்பவர் எவருமிலர் என்பதற்கு வரலாறே சான்று. 1988-இல் கெத்தே நிலையத்தில் “திரிமூர்த்தி” என்னும் பெயரால் ஒரு கண்காட்சி நடைபெற்றது. எஸ். சந்திரசேகரன், சாலே ஜப்பார், கோ ஈ சூ என்னும் இளைஞர் மூவர், இந்தியர், மலாய்க்காரர், சீனர் எனும் மூன்று மரபுகளிலிருந்து வந்து, தத்தம் மரபைக் கைவிடாமலே ஒன்றாய் நின்றனர். இந்நாட்டுக் கலைவரலாற்றில் அஃது ஒரு திருப்பமாகப் பேசப்படுகிறது. தமிழில் அதைப் பற்றி நாம் எழுதியது எவ்வளவு?

“இக்காலக் கலை புரிவதில்லை” என்பது இரண்டாம் விடை. குறுந்தொகைப் பாட்டொன்றை முதன்முறை படிக்கும் மாணவனுக்கு அது புரிகிறதா? புரியவில்லை என்று நாம் அதை மூடிவைத்தோமா? உரை கண்டோம், முதல், கரு, உரி என்று பகுத்துக் காட்டினோம். அதே பகுப்பைக் கையிலெடுத்துக்கொண்டு, சுவா மியா டீ 1959-இல் தீட்டிய “தேசிய மொழி வகுப்பு” என்னும் ஓவியத்தின் முன் நில்லுங்கள். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டும், ஒரு வகுப்பறையும் அதன் முதற்பொருள். வட்டமேசையும், நூல்களும், கரும்பலகையும் கருப்பொருள். புதிய நாட்டின் பொதுமொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்போரின் தயக்கமும் நம்பிக்கையும் உரிப்பொருள். கரும்பலகையில் மலாய்மொழியில் இரண்டே வினாக்கள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, சிங்கப்பூர்ப் பகுதியின் தொடக்கக் காட்சிக்கு அம்முதல் வினாவையே தலைப்பாக வைத்தனர். நமக்கும் சேர்த்துத்தான் அவ்வினா கேட்கப்பட்டது. வாய்மூடி நிற்கலாமா?

“தமிழில் அதற்குச் சொல் இல்லை” என்பது மூன்றாம் விடை. மூன்றனுள் மிகவும் நாணத்தக்கது இதுவே. ஓவிய நூலைப் பற்றி மணிமேகலை பேசுகிறது. ஆடலரங்கின் அமைப்பைச் சிலப்பதிகாரம் அளந்து காட்டுகிறது. அம்மொழிக்கா சொற்பஞ்சம்? குமாரி நாகப்பனின் சிற்பங்களைப் பாருங்கள். தேசிய அரும்பொருளகத்தின் வெளியே மிளகாய்; ஆர்ச்சர்ட் சாலையில் சாதிக்காயும் சாதிபத்திரியும்; சாங்கி விமான நிலையத்தில் ஆனைக்குன்றிமணி. நம் அடுக்களையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் மரத்தடியிலும் கிடந்தவை ஆளுயரத்தையும் மிஞ்சி எழுந்து நிற்கின்றன. இவற்றுக்கா தமிழில் பெயரில்லை? பெயர் இருக்கிறது, எழுதும் கைதான் இல்லை.

தமிழகத்தைச் சற்றே நோக்குக. 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஆதிமூலம் போன்றோரின் கோடுகள் சிற்றிதழ்ப் பக்கங்களில் கதையோடும் கவிதையோடும் தோளுரசி நின்றன. எழுத்தாளன் ஓவியனோடு பழகினான். ஓவியன் எழுத்தாளனைப் படித்தான். இருவரும் வளர்ந்தனர். இங்கோ நம் தொகுப்புகளில் கவிதையும் சிறுகதையும் மலிந்து கிடக்க, ஓவியத்தைப் பற்றிய ஒரு கட்டுரை அரிதினும் அரிது.

பொதுப் பணத்தால் நடக்கும் கூடத்தில், நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகிய தமிழுக்கு உரிய இடம் கேட்பது நம் உரிமை. கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால், “நல்லது, எழுதிக் கொடுங்கள்” என்று அவர்கள் நம் பக்கம் திரும்பினால், எழுத எத்தனை பேர் அணியமாக இருக்கிறோம்? பயன்படுத்தாத உரிமை துருப்பிடிக்கும். பார்க்காதவன் எழுதும் விளக்கம் அகராதியின் நிழலாகவே முடியும்.

ஆசிரியப் பெருமக்களே! படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதும் பயிற்சியைத் தொடக்கப்பள்ளி முதலே நாம் மாணவர்க்கு அளிக்கிறோம். தேர்வுக்கென வரைந்த விபத்துப் படமும், சந்தைப் படமும், கடற்கரைப் படமும் அவர்களுக்குப் போதுமென்று யார் சொன்னது? ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வகுப்பை, உண்மையான ஓர் ஓவியத்தின் முன் அரைமணி நேரம் நிறுத்துங்கள். கண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிழை மலியட்டும், திருத்திக்கொள்ளலாம். எழுதாத பக்கத்தை எவராலும் திருத்த முடியாது.

மீண்டும் சவுத் பிரிட்ஜ் சாலைக்கே வருகிறேன். அக்கோபுரத்தில் சுதை வடித்த சிற்பியருள் ஒருவர் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் சொல்லக்கூடும்? கண்டோம்; கைகூப்பினோம்; எழுத மறந்தோம். அம்மறதியை நம் காலத்துக் கலைஞர்க்கும் பரிசாக அளிப்போமா? கரும்பலகையில் வினா காத்திருக்கிறது. உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்னும் அவ்விரு வினாக்களுக்கும் நம் மாணவன் தமிழில் விடை எழுதும் நாளில்தான் அக்கலைக்கூடம் நம்முடையதாகும்.