கராத்தே பெல்ட் தேர்வுகளுக்குக் குறைந்தபட்சப் பயிற்சி வரையறை வேண்டி மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், கராத்தே பயிற்றுநர் மற்றும் பெற்றோர் சங்கம்.

பெறுநர்: உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை.

நகல்: மாவட்ட விளையாட்டு அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர்.

மதிப்பிற்குரிய ஐயா,

கராத்தே சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர்களும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் சேர்ந்து இந்த மனுவை அளிக்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையில், ஊர் மாறி வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் உறுப்பினரின் வகுப்பில் சேர்ந்தான். வயது ஒன்பது. இடுப்பில் பிளாக் பெல்ட். முன்பு படித்த இடத்தில் பதினான்கே மாதத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஹெயான் கட்டா எனப்படும் அடிப்படை அசைவு வரிசைகள் ஐந்தில் இரண்டைத்தான் அவனால் முழுதாகச் செய்ய முடிந்தது. ஆனால் பெல்ட் நிறத்தைப் பார்த்துத்தானே பல போட்டிகளில் பிரிவு ஒதுக்குகிறார்கள்? பல வருடம் பழகிய பிள்ளைகளோடு குமித்தே என்னும் நேருக்கு நேர் மோதலில் நிறுத்தப்பட்டு முகத்தில் அடி வாங்கியிருக்கிறான். தடுக்கக் கை தூக்குவதே அவனுக்குப் பழகியிருக்கவில்லை. தேர்வுக் கட்டணம், பெல்ட், சர்டிபிகேட் என்று கேட்டபோதெல்லாம் பணம் கட்ட அவன் அம்மா நகையை அடகு வைத்திருக்கிறார்.

கராத்தேயில் பிளாக் பெல்ட்டுக்குரிய டான் படி வந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. ஜூடோவில் கானோ ஜிகோரோ வகுத்த முறையைப் பின்பற்றி, 1924 ஏப்ரலில் கராத்தே ஆசான் ஃபுனகோஷி கிச்சின் தம் மாணவர் ஏழு பேருக்கு முதன்முதலாக அதை வழங்கினார். முதல் டானுக்கு ‘ஷோடான்’ என்று பெயர். தொடக்கப் படி என்று பொருள். அடிப்படை கைவந்தவன் இனிமேல்தான் கற்கத் தொடங்குகிறான் என்பதற்கான அடையாளம் அது. நம் ஊரிலோ, ‘பிளாக் பெல்ட் வாங்கியாச்சு’ என்று அந்த நாளோடு வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். குறை பெற்றோர்மேல் இல்லை. அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்படுகிறது.

ஆகவே, ஆணையத்தின் மைதானங்களிலும் அரசுப் பள்ளி வளாகங்களிலும் கராத்தே வகுப்போ பெல்ட் தேர்வோ நடத்த அனுமதி தரும்போது, கீழ்க்கண்டவற்றை நிபந்தனையாக்க வேண்டுகிறோம்.

எங்கள் தலையாய கோரிக்கை வருகைப் பதிவேடு. தொடக்க நிறங்களில் ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 3 மாதமும் 24 வகுப்பும், பிரவுன் பெல்ட்டின் ஒவ்வொரு படிக்கும் 6 மாதமும் 50 வகுப்பும் கழிந்திருக்க வேண்டும். இதன்படி பிளாக் பெல்ட்டுக்கு மூன்றாண்டுக்குமேல் ஆகும். மாதக் கணக்கு மட்டும் போதாது, ஐயா. கட்டணம் கட்டிவிட்டு வகுப்புக்கு வராத பிள்ளைக்கும் மாதம் ஓடும். எத்தனை நாள் வந்து வியர்வை சிந்தினான் என்பதைப் பதிவேடு மட்டுமே சொல்லும். பெற்றோர் கேட்டால் அதைக் காட்ட வேண்டும்.

தேர்வாளர்களில் ஒருவராவது வெளியாளாக, அதே பாணியைச் சேர்ந்தவராக இருக்கட்டும். தன் மாணவனைத் தானே சோதித்துத் தானே பணம் வாங்கும் மாஸ்டரால் ‘இன்னும் பழகிவிட்டு வா’ என்று சொல்வது கடினம். தேறாத பிள்ளைக்கு மறுதேர்வில் கட்டணம் கூடாது. மொத்தச் செலவையும் சேரும் நாளிலேயே எழுதித் தர வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டோரின் சான்றிதழில் ‘ஜூனியர்’ என்று குறிக்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தரப்படும் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சியை வரவேற்கிறோம். உரக்கக் குரலெழுப்புவது, பிடித்த மணிக்கட்டை விடுவித்துக்கொள்வது, தப்பி ஓடுவது ஆகியவற்றை அந்தக் காலத்துக்குள் நன்றாகவே கற்பிக்கலாம். பெல்ட்டுக்கு அது போதாது. அங்கே பெல்ட் தேர்வு நடத்தி அந்தப் பிள்ளைகளிடம் பணம் வசூலிப்பதைத் தடை செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஷோட்டோகானில் ஹெயான் கட்டா, கோஜு-ரியுவில் கெகிசாய் என்று பாணிக்குப் பாணி பாடம் வேறு. அதை அந்தந்தப் பாணியின் மூத்தவர்களிடமே விட்டுவிடலாம். ஏற்கெனவே கொடுத்த பெல்ட்டைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கவும் வேண்டாம். மேலே சொன்ன பையன் இப்போது தன் விருப்பத்தோடு பெல்ட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வெள்ளை பெல்ட் வரிசையில் நின்று பழகுகிறான். அவனைப் போன்றவர்களுக்கு இலவச மறுபயிற்சி அளிக்க எங்கள் மாஸ்டர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆணையம் வாரம் இரு மாலை இடம் தந்தால் போதும்.

எங்கள் வகுப்புகளில் பயன்படுத்தும் பதிவேட்டின் மாதிரியை இணைத்துள்ளோம். வரும் கல்வியாண்டுக்கான அனுமதிகள் வழங்கப்படுமுன் எங்களை அழைத்துப் பேச ஒரு நாள் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்

இணைப்பு: வருகைப் பதிவேட்டின் மாதிரி, உறுப்பினர்கள் கையொப்பம்.