சாயங்கால வகுப்பு வீண் என்பவர்களுக்கு

பள்ளிக்கூடத்தில் ஏறாத படிப்பு சாயங்காலம் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுமா? தஞ்சாவூர்ப் பக்கம் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசின் சாயங்கால வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் தங்கள் பிள்ளையை ஐந்து மணி டியூஷனில் விட்டுவிட்டு வந்துதான் கேட்கிறார்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் (ASER) ஆய்வின் 2022 கணக்குப்படி நாட்டின் கிராமப்புற மாணவர்களில் 30.5 விழுக்காட்டினர் காசு கொடுத்து டியூஷன் படித்தார்கள். பீகாரில் 70-ஐத் தாண்டியது. சாயங்காலப் படிப்பில் பலன் இல்லையென்றால் இத்தனை பேர் ஏன் பணத்தைக் கொட்டுகிறார்கள்? கூலி வீட்டுப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கும்போது மட்டும் அது வீணாகிவிடுகிறது.

கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் எடுத்த 12 மாவட்டங்களில் தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் உண்டு. அப்போது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் வகுப்பு. பாடம் நடத்துபவர் அதே ஊர்த் தன்னார்வலர், பெரும்பாலும் பெண். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

பலன் இருந்ததா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடலால் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் சுமார் 24 விழுக்காடு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது என்பது அவர்கள் மதிப்பீடு. அதிகம் இழந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் வேகமாக மீண்டதற்கும் இது கைகொடுத்திருக்கும் என்கிறார்கள்.

உடனே அதே அசர் அறிக்கையைத் தூக்கிக் காட்டுவார்கள்: தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8. உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் யார்? 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதியவர்கள். வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பில். இந்த எண் மாலை வகுப்பு ஏன் வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது.

அடுத்தது, "பிளஸ் டூ படித்த பெண்ணுக்கு என்ன தெரியும்?" என்ற ஏளனம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் 35 என்று எழுதும். ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால், திருப்பிப் போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதிவிட்டு, பத்தாம் இடத்தில் 3 போட்டுவிடும். கடன் வாங்கிக் கழிப்பது அதற்குப் புரியவில்லை என்று அர்த்தம். நம்மூர்த் தொடக்கப் பள்ளிகளில் கணிசமானவை ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பை இரண்டு பேர் மேய்க்க வேண்டும். ஒரு பிள்ளை 35 எழுதியதற்குக் காரணம் தேட அவர்களுக்கு ஏது நேரம்? பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். திண்ணையில் இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவர் பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டி வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் போதும். அதற்கு பி.எட். வேண்டாம், பொறுமை வேண்டும். மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்ற பெயரில் உள்ளூர் இளம்பெண்களை வைத்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். அது பள்ளி நேரத்துக்குள்ளேயே நடந்தது என்றாலும், சொல்லிக்கொடுத்தவர்கள் இதே மாதிரி ஆட்கள்தான். மதிப்பெண் கூடியது, அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம் என்று 2007-இல் வெளியான ஆய்வு சொன்னது.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது மூன்றாவது பேச்சு: "அப்பன் ஆத்தாளுக்கே அக்கறை இல்லை, நாம் என்ன செய்ய?"

இதைச் சொல்பவர்கள் டெல்டாவின் வேளாண் காலண்டரையும் பள்ளிக்கூடக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. பள்ளி திறப்பதும் ஜூன். புதுப் பாடப்புத்தகம் கைக்கு வரும்போது தாய் குறுவை நாற்றங்காலில் நிற்கிறாள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு நடக்கும்போது சம்பா நடவு சூடுபிடித்திருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அடைமழை. கூரை ஒழுகுகிற வீட்டில் புத்தகத்தை நனையாமல் வைப்பதே பெரும்பாடு. முழு ஆண்டுப் பாடம் வேகமெடுக்கும் தை, மாசியில் அறுவடை. தகப்பன் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். குத்தகைக்குச் சாகுபடி செய்தவராக இருந்தால் நெல்லைக் குவித்துப்போட்டு இரவு முழுக்கக் காவல் கிடக்கிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவெடுத்த பெண்கள் விடியலில் தூக்குவாளியோடு வேனில் ஏறி, நாலு ஊர் தள்ளிப் போய் வருகிறார்கள். இடுப்பு ஒடியத் திரும்பும் பெண், உலை வைத்துவிட்டு, தான் படிக்காத பாடத்தை எந்த நேரத்தில் சொல்லிக்கொடுப்பாள்? இதற்கு அக்கறையின்மை என்று பெயர் வைப்பது, மரியாதையாகச் சொன்னால், அறியாமை.

தாய் விடியலிலேயே வேலைக்குப் போய்விடுவதால் காலையில் விழும் இடைவெளியை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று விரிவாக்கப்பட்டது நம் திருக்குவளையில்தான். மாலை நாலரை மணிக்கு மட்டும் அந்தத் தாய் எங்கிருந்து வீட்டுக்கு வந்துவிடுவாள்? பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை பிள்ளைக்குப் பெரியவர் துணை ஒன்று வேண்டும். சாயங்கால வகுப்பு பிள்ளைக்குப் பாடம், தாய்க்கு நிம்மதி. குளமும் வாய்க்காலும் நிறைந்த ஊரில் அந்த நிம்மதி சின்ன விஷயம் இல்லை.

"ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் தப்பிக்க அரசு போடும் வேஷம்" என்பது நான்காவது. தேசியக் கல்விக் கொள்கையின் பின்வாசல் என்று ஆளுங்கட்சியின் தோழமை வட்டாரத்திலிருந்தே அப்போது ஐயம் எழுந்தது. இதில் பாதி நியாயம் உண்டு. ஒன்றரை மணி நேரம் வீதம் மாதம் இருபத்திரண்டு நாள் என்றாலும் 33 மணி நேரம். 1,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு முப்பது ரூபாய்தான். சேவை என்ற பெயரில் பெண்களின் உழைப்பை இப்படி மலிவாக வாங்குவது வெட்கக்கேடு. ஆனால் அதற்குப் பரிகாரம் கூலியை உயர்த்துவதும் காலியிடத்தை நிரப்புவதும். வகுப்பை மூடினால் ஓர் ஆசிரியர்கூடக் கூடுதலாக வந்துவிடப் போவதில்லை.

எதிர்ப்பாளர்கள் சொல்லாத குறை ஒன்றை நானே சொல்கிறேன். உத்தரப் பிரதேசம் ஜான்பூரில் இதேபோல் கிராமத் தன்னார்வலர்கள் வாசிப்பு முகாம் நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் வந்தது நூற்றுக்கு எட்டுப் பேர்தான். வகுப்பு பிள்ளை இருக்கும் தெருவிலேயே நடந்தால்தான் பிள்ளை வரும். டெல்டாவில் தெரு என்றால் சாதியும்தான். ஊர்த்தெருத் திண்ணையில் வைத்தால் காலனிப் பிள்ளை தயங்கும்; காலனியில் வைத்தால் ஊர்ப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். இரண்டு இடத்தில் நடத்தினால் பிரிவினை அப்படியே நிற்கும். இரண்டு தெருவுக்கும் பொதுவான இடம் அரசுப் பள்ளி வராந்தா. தூரம் அதிகம் இல்லாத ஊர்களில் அங்கேயே விளக்குப் போட்டு நடத்தலாம். தூரமான குடியிருப்புகளில் தயங்காமல் அங்கேயே மையம் வைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் இருந்த அளவு மையங்கள் இன்று இல்லை. உங்கள் ஊரில் மூடியிருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள்; அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். அங்கே தீர்மானம் போடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளிலும் எழுந்து கேளுங்கள். நடவு மும்முரத்தில் கூட்டத்துக்கு வர முடியாத பெண்களின் கோரிக்கையையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.