வாஷர் எங்கே?

நீங்கள் பி.ஏ. படித்திருக்கலாம், எம்.ஏ. கூடப் படித்திருக்கலாம். கை அலம்பும் தொட்டிக்கு அடியில் குழாய் உடைந்து தண்ணீர் பீச்சியடிக்கும்போது அந்தப் பட்டம் தரையைத் துடைக்கக்கூட உதவாது!

சென்ற ஞாயிறு காலை, என் கணவர் ஊரில் இல்லாத வேளை பார்த்து, எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. குழாய் ரிப்பேர்க்காரர், "மத்தியானம் வருகிறேன்" என்றார். கீழ் வீட்டு மாமியோ, "எங்கள் தளத்தில் சொட்டுகிறதே, அம்மா!" என்று மாடியேறி வந்துவிட்டார். மாடித் தொட்டியில் இருந்ததோ அன்று முழுவதற்குமான தண்ணீர்.

முதலில் அடைக்க வேண்டும். தொட்டிக்கு அடியில், சுவரை ஒட்டி ஒரு சிறிய குழாய்த் திருகு இருக்கும். வலப்புறம் திருப்பினால் நீர் நிற்கும். அது மசியாவிட்டால் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை மூடவேண்டும். அது எங்கே இருக்கிறதென்று இன்றே பார்த்து வையுங்கள்.

உடைந்தது, சுவர்த் திருகையும் மேல் குழாயையும் சேர்க்கும் 18 அங்குலக் கனெக்ஷன் குழாய். அளவு சொல்லத் தெரியாததால் பழையதையே கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் டெஃப்லான் டேப்பும் கொடுத்தார். 1938இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க விஞ்ஞானி தற்செயலாகக் கண்ட பொருள். நம் ஒட்டாத தோசைக்கல்லில் இருப்பதும் அதுவே.

டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரால் முறுக்கினேன். திறந்தால், சொட்டு... சொட்டு... எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏண்டியம்மா, இது எதிலிருந்து விழுந்தது?" என்று என் மாமியார் ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை நீட்டினார். புதுக் குழாயின் வாஷர்! "காஸ்கெட் போடாமல் குக்கரை மூடினால் ஆவி நிற்குமா?"

விஷயமே அதுதான். இந்த இணைப்பில் நீரைத் தடுப்பது வாஷர். டேப் தேவையே இல்லை. சுவருக்குள் திருகும் மரைக்குத்தான் டேப். வாஷரைப் பதித்து, கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று. அவ்வளவே. மேலும் முறுக்கினால் நட்டு வெடித்துவிடும். கீழே செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் பார்த்தேன். நனையவில்லை.

மத்தியானம் வந்த ரிப்பேர்க்காரர் குனிந்து பார்த்து, "யாரம்மா செய்தது?" என்றார்.

"என் மருமகள்!" என்றார் மாமியார். வாஷரைப் பற்றி மூச்சு விடவில்லை!